தற்காப்புத் தரப்பின் நிபுணர்



சிறு வயதில், தோட்டத்து ஸ்டோரில் பால் நிறுக்கும்போது அப்பாவுடன் நான் நிற்பதுண்டு. கிராணி மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, இரப்பர் இத்தனை பங்கு என்று எழுதிக்கொள்வார். கணக்குக் குறைவு என்று அப்பாவுக்குத் தோன்றிய நாளும் உண்டு. ஆனால் அந்தக் கருவியைப் படித்துச் சொல்ல நம் பக்கத்தில் ஆள் கிடையாது.

கொலை வழக்கிலும் இதே நிலை வரலாம். அரசுத் தரப்பு மருத்துவரையும் இரசாயன நிபுணரையும் கொண்டுவரும். கூண்டில் நிற்பவருக்கு யார்?

மகாதேவ சதாசிவத்தைக் கிரிக்கெட் பிரியர்கள் அறிவார்கள். 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலியக் குழுவை எதிர்த்து ஆடிய இலங்கைக் குழுவின் தலைவர். 1951 அக்டோபர் 9ஆம் நாள் கொழும்பு பம்பலப்பிட்டி வீட்டில் அவருடைய மனைவி கொலையுண்டு கிடந்தார். கணவரே கொன்றார், தானும் உதவினேன் என்றான் வீட்டு வேலைக்கார இளைஞன். மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியும் ஆனான். மணமுறிவு வழக்கு வேறு இருந்ததால், ஊரின் சந்தேகம் கணவர் மேலேயே விழுந்தது.

வழக்கு முழுவதும் ஒரு கடிகாரத்தில் தொங்கியது. அன்று காலை சுமார் பத்தரை மணிக்குச் சதாசிவம் டாக்சியில் புறப்பட்டுவிட்டார். மரணம் அதற்கு முன்னா, பின்னா? உடல் குளிரும் வேகத்தை வைத்து நேரத்தைக் கணிப்பார்கள். ஆனால் குளிர் நாட்டுப் பாடநூல் கணக்கு, நம் குளுவாங்கைப் போன்ற வெப்ப பூமிக்கு அப்படியே பொருந்தாது. கொழும்பின் சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரம், தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில் வெப்பத்தை அளந்தே பார்த்தவர். சதாசிவம் போன பிறகே மரணம் நேர்ந்தது என்ற பக்கமே அவர் கருத்துச் சாய்ந்தது. தற்காப்புக்காக எடின்பரோவிலிருந்து வந்தவர் சர் சிட்னி ஸ்மித். இறந்தவரின் பாதங்களில் படிந்திருந்த அழுக்கை அவர் எடுத்துக்காட்டினார். கொலை நடந்த இடம் மாடிப் படுக்கையறை அல்ல, சமையலறை என்றார். இளைஞனின் கதை ஆட்டங்கண்டது. 57 நாள் விசாரணைக்குப் பின், 1953 ஜூன் 25இல் ஜூரிகள் ஒருமனதாக விடுவித்தனர். அதற்குள் 20 மாதச் சிறைவாசம்! பிற்பாடு அவர் மலேசியக் குழுவுக்கும் தலைமை தாங்கினார்.

இத்தகைய நிபுணர் கூலிக்குப் பேசுபவர் அல்லர். ஆய்வின் முடிவு பாதகமாக இருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் சொல்வார். மாதிரியை யார் எடுத்தார், எப்படி முத்திரையிட்டார், எங்கே வைத்திருந்தார் என்று பார்ப்பதும் அவர் வேலையே.

சதாசிவத்துக்குக் கடல் கடந்து பேராசிரியரை வரவழைக்க முடிந்தது. பால்வெட்டுத் தொழிலாளியின் மகனுக்கு முடியுமா? இது என்னை உறுத்தும் கேள்வி. ஆயினும் நம் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 399ஆம் பிரிவுப்படி, அரசு இரசாயன நிபுணரின் அறிக்கை, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் சேர வேண்டும். அதை எழுதியவர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றும் கேட்கலாம். ஆனால் அதற்கும் கெடு உண்டு. ஆகவே தாள் கைக்கு வந்ததும் அலமாரியில் வைத்துவிடாமல், அன்றே வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தை நாடலாம்.