எமது சாட்சிகள் யார்?



கண்டதைக் கூற வந்த சாட்சி அதனைத் தானே கண்டிருத்தல் வேண்டும் என்கிறது எமது நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம். அபிப்பிராயம் கூறுவோனிடம் அதற்கு ஆதாரம் யாதென்று வினவவும் அது இடமளிக்கின்றது. நாலு பரப்புக் காணி வழக்கில் நாம் தொடுக்கும் இக்கேள்விகளைப் பத்திரிகைக் கட்டுரையின் முன் கைவிட்டுவிடுகின்றோமே, ஏன்?

1933ஆம் ஆண்டு மார்ச் மாதம். விளைந்த தானியத்தை அரசு பறித்துச் சென்றமையால் உக்ரேனியக் கமக்காரர் இலட்சக்கணக்கில் மாண்டுகொண்டிருந்தனர். காரெத் யோன்ஸ் என்னும் இளைஞர் புகைவண்டியை விட்டிறங்கிக் கிராமங்களூடே நடந்தார், குடிசைகளில் தங்கினார், பெர்லின் சென்று பஞ்சத்தை உலகுக்கு அறிவித்தார். இரண்டே நாளில் நியூயோர்க் ரைம்சின் மொஸ்கோ நிருபர் வால்டர் டுறாண்டி அதனை மறுத்தெழுதினார். அவர் விசாரித்தது எவரை? சோவியத் அலுவலகங்களையும் வெளிநாட்டுத் தூதரகங்களையும்! பட்டினி கிடந்த கமக்காரனையன்று. அவருடைய செய்தி அரசின் தணிக்கையைக் கடந்தே வெளியேறும் என்பதை வாசகருள் எத்தனை பேர் எண்ணினர்? முந்திய ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றவரல்லவா அவர்!

இன்று மேடையேறிய எம்மையும் விடவேண்டா. நாம் எக்கட்சியினர் என்பதை அறிவீர்கள். நாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று இப்போதே கேளுங்கள்.