அறுவைக்குப் பின்னும் பேச வேண்டிய கணையம்

இன்றைய பொருள் மருத்துவத்தைச் சார்ந்தது. ஆயினும் அதில் மொழிக்கும் பங்குண்டு என்பதை ஈற்றில் காட்டுவோம்.

இரைப்பைக்குப் பின்னே அமைந்த கணையம் உணவைச் செரிக்கும் நொதிகளைக் குடலுக்குள் சுரக்கிறது; சர்க்கரையை ஆளும் இன்சுலினைக் குருதியில் சேர்க்கிறது. அதன் தலைப்பகுதியில் புற்றுநோய் தோன்றின், அத்தலையோடு முன்சிறுகுடலும் பித்தப்பையும் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியும் நீக்கப்படுவதுண்டு. 1935ஆம் ஆண்டு இவ்வறுவையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்ட ஆலன் விப்பிள் என்பாரின் பெயராலேயே இது வழங்குகிறது.

காயம் ஆறியதும் எல்லாம் முடிந்தது என எண்ணிவிடுகிறோம். மாதங்கள், ஆண்டுகள் கழிந்தும் தொல்லைகள் வரலாம். அவற்றுள் மூன்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, நொதிக் குறைபாடு. கொழுப்பு செரியாமையால் மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையுடன் நீரில் மிதக்கும்; உடல் எடை குறையும். நொதி மாத்திரைகளை உணவோடு சேர்த்தே விழுங்குதல் வேண்டும். அவை பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவன. சமய நெறியாலோ புலால் மறுப்பாலோ தயங்குவோர், தாமாகவே கைவிடாமல் மருத்துவரிடம் கலந்து பேசுதல் நன்று.

இரண்டாவது, நம் மக்கள் இனிப்புநீர் என்று சொல்லும் நீரிழிவு. இங்கே இன்சுலினோடு, சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககானும் குறைந்துவிடலாம். ஆதலின் மருந்து சற்று மிகினும் சர்க்கரை வெகுவாகத் தாழும். வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள்.

மூன்றாவது, பித்தநாளத்தைக் குடலோடு இணைத்த இடம் சுருங்குதல். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சலும் மஞ்சள்காமாலையும் தோன்றினால், காத்திராமல் உடனே மருத்துவமனை சேர வேண்டும். கிருமிக்கு மருந்து தந்து, கல்லீரல் வழியே பலூனைச் செலுத்திச் சுருக்கத்தை விரிக்கப் பல வேளைகளில் இயலும்.

இவற்றை மொழி மேடையில் ஏன் உரைக்கிறோம்? நம் பாட்டிமார் 'வயிறு சரியில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வர். மலத்தைப் பற்றிப் பேச நாணுவர். உடன் செல்லும் பேரப்பிள்ளையும் அந்த ஒரு தொடரையே மலாயிலோ ஆங்கிலத்திலோ மருத்துவரிடம் சொல்லும். நிறமும் எடையும் நாள்கணக்கும் சொல்லப்படாமலே போகின்றன.

ஆசிரியர்களே, உடலைப் பற்றிக் கூச்சமின்றித் தெளிவாகச் சொல்லும் தமிழை வகுப்பறையில் பழக்குவோம். மாணவர்களே, 'வெளிறியிருக்கிறதா? மிதக்கிறதா? எப்போது தொடங்கியது?' என்று வீட்டிலேயே கேட்டறிந்து, அதனை அவ்வாறே மருத்துவரிடம் சொல்லுங்கள். சரியான சொல் காலத்தே சென்று சேர்ந்தால், சரியான மருந்தும் காலத்தே வந்து சேரும்.