மெத்தையில் ஏறும் கால்

சனி, ஞாயிறு பின்னேரங்களில் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறைப் பக்கம் போனால், வெள்ளைச் சீருடையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். கராத்தே, ஜூடோ, டைக்குவொண்டோ, வூஷு என்று ஏதோ ஒரு வகுப்புக்குப் போகிறவர்கள். லயத்துப் பிள்ளைகள், அதிலும் பொம்பளைப் பிள்ளைகள், இந்த வகுப்புகளில் சேருவதைப் பார்க்க மனம் நிறைகிறது. பிள்ளையைச் சேர்த்துவிட்ட தாய் தகப்பன்மார் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதுக்கு என்ன சப்பாத்து வாங்கணும்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையில் மெத்தை விரித்துப் பழக்கும் இடமாக இருந்தால், கராத்தேக்கும் ஜூடோவுக்கும் சப்பாத்து வேண்டியதில்லை. வெறுங்கால்தான். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024இல் வர்த்தமானியில் வந்தது. அரைப் பேர் விழுந்த நாளில் அதிலும் பாதிதான். வெளிநாட்டுச் சப்பாத்து ஒரு சோடிக்கு எத்தனை நாள் மலைக்குப் போக வேண்டும் என்று கொழுந்தெடுக்கும் அம்மாமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காசில் ஒரு பங்கு போதும், நல்ல செருப்பு ஒரு சோடி வாங்கலாம். செருப்பு எதற்கு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மெத்தையைப் பார்ப்போம். கராத்தே வகுப்புகளில் விரிப்பது பெரும்பாலும் ஒரு மீற்றர் சதுரத் துண்டுகள். ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, ஒன்றோடொன்று கோத்துவிடலாம். இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பு இருக்கும். உலக கராத்தே சம்மேளனத்தின் போட்டிக் களமும் இப்படிக் கோத்த மெத்தைதான், 8 மீற்றருக்கு 8 மீற்றர். ஜூடோவில் ஆளைத் தூக்கிப் போடுவதால் அந்த மெத்தை இன்னும் தடிப்பானது. ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கிய காலத்தில் நெல் வைக்கோலை இறுக்கிச் செய்த பாய்களில்தான் பழகினார்கள். இன்று அந்த வைக்கோலின் இடத்துக்கு நுரைப் பஞ்சு வந்துவிட்டது.

இந்த மெத்தை மேல் ரப்பர் அடி வைத்த விளையாட்டுச் சப்பாத்தோடு ஏறினால் என்ன நடக்கும்? பக்கவாட்டில் வீசி உதைக்கும் உதையை எடுத்துக்கொள்ளுங்கள். கராத்தேயில் மவாஷி கெரி என்பார்கள். வலது காலால் உதைக்கும்போது உடம்பு முழுவதும் இடது காலில் நிற்கிறது. இடுப்பு திரும்பும்போது அந்த இடது பாதமும் கூடவே திரும்ப வேண்டும். வெறுங்காலாக இருந்தால் பிள்ளை குதிகாலைச் சற்றுத் தூக்கி, முன்பாதத்தில் சுழன்றுவிடும். ரப்பர் அடி அப்படிச் சுழல விடாது. அது மெத்தையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பாதம் நிற்க, தொடை திரும்ப, நடுவில் அகப்படுவது முழங்கால். அங்கே இருக்கும் தசைநாரும் குருத்தெலும்பும் கிழிந்தால், பிள்ளை பல மாதம் நொண்ட வேண்டிவரும். சில நேரம் சத்திரசிகிச்சை வரைக்கும் போகும்.

இன்னொன்றும் உண்டு. சப்பாத்துக்குள்ளே ஒரு பஞ்சு, கீழே மெத்தையில் ஒரு பஞ்சு. இரண்டும் சேர்ந்தால் பாதத்துக்குத் தரை பிடிபடாது, கணுக்கால் ஆடும். எதிரே நிற்கும் பிள்ளைக்குச் சப்பாத்துக் கால் பட்டால் எப்படி வலிக்கும் என்பது வேறு. அதனால்தான் கராத்தேப் போட்டியில் பாதத்துக்குக் கவசம் போட்டாலும், அது மேல்பாதத்தை மட்டும் மூடுகிறது. உள்ளங்கால் மெத்தையில் நேரடியாகப் பட்டுக்கொண்டிருக்கும். குளிருக்காகச் சாதாரணக் காலுறை போட்டு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஹப்புத்தளைக் காலைக் குளிரை நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் காலுறை வழுக்கும். உடம்பைச் சூடாக்கும் ஓட்டம் முடிந்தவுடனே கழற்றிவிடச் சொல்லுங்கள்.

சப்பாத்துப் போடும் கலைகளும் உண்டு. மல்யுத்தத்தில் கணுக்காலைப் பிடித்துக் கட்டும் மெல்லிய சப்பாத்து. வூஷுவில் தனியாகச் செய்துகாட்டும் பிரிவு கம்பளத்தில் நடக்கும், அதற்கு லேசான தட்டைச் சப்பாத்து. அதே வூஷுவில் மோதும் பிரிவான சாண்டா வெறுங்காலில்தான். டைக்குவொண்டோவில் புள்ளி பதியும் மின்னணுக் காலுறை 2012 லண்டன் ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது, ஆனால் ஊர் வகுப்புக்கு அது வேண்டாம். எந்தக் கலையானாலும் மாஸ்டரைக் கேட்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

நம்முடைய பெரியவர்கள் திருவிழாவில் சிலம்பம் சுற்றியது வெறுங்காலில். இந்த நாட்டின் அங்கம்பொறையும் வெறுங்கால் கலைதான். 1818இல் ஊவா வெல்லஸ்ஸைக் கிளர்ச்சியை அடக்கிய கையோடு ஆங்கிலேயர் அதைத் தடை செய்தார்கள் என்று அந்தப் பரம்பரையினர் சொல்வார்கள். அவர்கள் எல்லோருக்கும் தரை என்றால் மண். மண் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், சீமெந்து கொடுக்காது. ஆகவே உங்கள் தோட்டத்தில் மெத்தை இல்லாமல், வாசகசாலையின் சீமெந்துத் தரையிலோ பாடசாலையின் சரளைக்கல் மைதானத்திலோ பழக்குகிறார்கள் என்றால் நான் சொன்னது மாறும். அங்கே மெல்லிய தட்டை அடி உள்ள கென்வஸ் சப்பாத்து நல்லது. பாடசாலைக்குப் போடும் சப்பாத்தே போதும். அதே சப்பாத்தோடு பிறகு மெத்தையில் ஏறக்கூடாது, அவ்வளவுதான். அடியில் ஒட்டிய சரளைக்கல் மெத்தையைக் கீறிவிடும்.

இனிச் செருப்புக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதை. கான் நிறைந்து ஓடுகிறது. காலில் சவர்க்காரம் பூசியிருந்தாலும் விரல் இடுக்கில் ஓர் அட்டை ஏறிவிடும். பிள்ளை அதைத் தட்டிவிட்டு ஓடிவந்து, செருப்பை வாசலில் உதறிவிட்டு மெத்தையில் ஏறுகிறது. அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருக்கிறது. அட்டை விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். ஒரு சுற்றுப் பயிற்சி முடிவதற்குள் நீல மெத்தையில் நாலைந்து சிவப்புப் புள்ளி. அடுத்த பிள்ளை அதே இடத்தில் முகம்படக் கவிழ்ந்து தண்டால் எடுக்கும். ஜூடோவிலும் கராத்தேயிலும் இரத்தம் வந்தால் ஆட்டத்தை நிறுத்திக் காயத்தைப் பார்ப்பார்கள். அந்த ஒழுங்கு வகுப்பிலும் வேண்டும். காலைக் கழுவி, கடிவாயைச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்து, பிளாஸ்டர் ஒட்டிய பிறகுதான் மெத்தை.

சேற்றுப்புண்ணும் அப்படித்தான். ஈரச் சப்பாத்துக்குள்ளே நாள் முழுக்கக் கிடந்த காலில் விரல் இடுக்கு வெளுத்து வெடிக்கிறது. அது பூஞ்சணம், மெத்தை வழியாக அடுத்த காலுக்குப் போகும். படர்தாமரை கைக்கும் கழுத்துக்கும்கூடப் போகும். கூச்சப்பட்டு மறைக்கும் பிள்ளைகளை ஏசாமல், தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி மருந்து பூசுங்கள்.

இதற்கெல்லாம் காவல் அந்தச் செருப்புத்தான். வீட்டிலிருந்து வரும் வழிக்கு, அடியில் நல்ல பிடிப்புள்ள, பின்பட்டி வைத்த, நனைந்தால் சீக்கிரம் காயும் ரப்பர் செருப்பு. பாட்டா செருப்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் மழைப் படியில் அதை நம்ப வேண்டாம். மண்டபத்துக்குள்ளே மெத்தையை விட்டு இறங்கும் ஒவ்வொரு தடவையும் செருப்பைப் போட வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனாலும், முக்கியமாகக் கழிவறைக்குப் போனாலும். வெறுங்காலோடு கழிவறைக்குப் போய், அதே காலோடு ஓடிவந்து மெத்தையில் உருளும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கவனிக்க ஆள் இல்லாததுதான் காரணம். ஜப்பானிய ஜூடோ மண்டபங்களில் சோரி என்ற செருப்பு இதற்காகவே இருக்கிறது. மெத்தை ஓரம் வரைக்கும் அதில் வந்து, வெளியே பார்த்தபடி வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சீனி வருத்தம் இருந்து பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் பழக வேண்டாம். மெத்தைப் பொருத்தின் இடுக்கில் விரல் மாட்டினாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். வைத்தியரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், ரோட்டில் போடாத, மெல்லிய வழுவழு அடியுள்ள சப்பாத்து ஒன்றை மெத்தைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு நடத்தும் மாஸ்டர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆடி, ஆவணிக் கச்சான் காற்றில் மெத்தையைக் கழுவி நிமிர்த்தி வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். மழை மாதங்களில் அடியில் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களில் பயிற்சி முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, ஒவ்வொரு துண்டாகக் கழற்றிச் சுவரில் சாய்த்து வையுங்கள். பல் தேய்ந்து பொருத்து விலகிய துண்டுகளை நடுவில் போடாமல் ஓரத்துக்கு மாற்றுங்கள். வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துவாய், பிளாஸ்டர் பெட்டி ஒன்று வையுங்கள். பக்கத்தில் பீலி இருந்தால் இன்னும் நல்லது.

பெற்றோர்களே, அடுத்த வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்த வாளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பிள்ளையின் கால் நகத்தை முதல் நாள் இரவே வெட்டிவிடுங்கள்.