வைத்தியருக்கும் ஒரு இரசாயனவியலாளர் வேண்டும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியராகிய பழைய மாணவி என்று என்னை இங்கே பாராட்டினீர்கள். நன்றி. நான் பாராட்ட விரும்புவது வேறு சிலரை. வைத்தியர் கையில் கருவியைத் தருகின்ற பௌதிகவியலாளர்களையும் இரசாயனவியலாளர்களையும்.

1895இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ரொன்ட்ஜன் வைத்தியர் அல்லர், பௌதிகவியலாளர். அன்று தொட்டு எங்களுக்குள்ள கேள்வி, குறைந்த கதிரில் தெளிவான படம் எடுப்பது எப்படி என்பது. அடிக்கடி படம் எடுக்க வேண்டிய ஒரு குழந்தைக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் சீசியம் அயடைட்டுப் படலம் கதிரை முதலில் ஒளியாக்கும். பிறகுதான் அது மின்சைகையாகும். இடையில் ஒளி சிதறுவதால் படத்தின் கூர்மை குறையும். செலேனியம் கதிரை நேரே மின்சைகையாக்கும். மார்பகப் படத்துக்கு அது நல்லது. ஆனால் அதன் அணுவெண் 34 மட்டுமே. நெஞ்சுப் படத்துக்கு வேண்டிய வலுவான கதிரை அது போதியளவு உறிஞ்சாது.

இங்கேதான் பெரோவ்ஸ்கைட் வருகிறது. 1839இல் யூரல் மலைப்பகுதிக் கனிமம் ஒன்றுக்கு இட்ட பெயர் அது. அதே பளிங்கு அமைப்பில் ஈயத்தையும் (அணுவெண் 82) அயடீனையும் (53) கொண்ட பொருளை ஆய்வுகூடத்தில் ஆக்கலாம். பாரமான அணுக்கள் கதிரை நன்றாகப் பிடிக்கும். நேரே மின்சைகையும் கிடைக்கும். 2017இல் தென்கொரிய ஆய்வாளர்கள் இதைப் பசையாகக் குழைத்து, பாணில் பட்டர் பூசுவதுபோல 830 மைக்ரோமீற்றர் தடிப்பில் பூசி, குறைந்த கதிரில் படம் எடுக்கலாம் என்று காட்டினார்கள். அச்சிடுவதுபோலப் பூசக்கூடிய பொருள் என்பதால், பெரிய தட்டுகளையும் மலிவாகச் செய்யலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

குறைகளும் உண்டு. ஈரம் பட்டால் பழுதாகும். மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே அயன்கள் நகர்ந்து படத்தைக் குழப்பும். ஈயம் நஞ்சு, கசியாமல் மூடவேண்டும். இவற்றைத் தீர்க்காமல் ஒரு நோயாளியின் முன் இதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் தீர்க்கிற அறிவு என்னிடம் இல்லை. அது இரசாயனவியலும் பௌதிகவியலும் கணிதமும் படித்தவர்களிடம் இருக்கிறது.

ஆகவே தாய்மாரே, உயர்தரத்தில் மகள் கணிதப் பிரிவை விரும்பினால், "ஏன் பிள்ளை, டொக்டருக்குப் படிக்கேல்லையோ?" என்று அவளது முகம் வாடக் கேட்காதீர்கள். தங்கைமாரே, நோயாளிக்கு உதவ ஸ்டெதஸ்கோப் ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். நல்ல தட்டு ஒன்றை நீங்கள் செய்து தந்தால், அதில் படம் பார்க்க நாங்கள் காத்திருக்கிறோம்.