எபிசோடு 41: அம்மா அப்பாவுக்கு அப்புறம் யாரு?

இந்த வாரம் கெஸ்ட் யாரும் கிடையாது. நான் மட்டும்தான். டெக் பத்தியும் பேசப் போறதில்ல.

போன மாசம் 'அஞ்சலி' படத்தைத் திரும்பப் பார்த்தேன். 1990-ல வந்த மணிரத்னம் படம். அந்தப் படம்னாலே எல்லாரும் குட்டி ஷாமிலியைப் பத்திதான் பேசுவாங்க. இந்தத் தடவை என் கண்ணு முழுக்க அவளோட அண்ணன் மேலயும் அக்கா மேலயும்தான் இருந்துச்சு. தங்கச்சி வீட்டுக்கு வர்றா. முதல்ல அவங்களுக்குப் பிடிக்கல, வெட்கமா இருக்கு. அப்புறம் அவளுக்காகவே ஊரோட சண்டைக்குப் போறாங்க. கூச்சம், கோபம், பாசம், பெருமை எல்லாமே ஒரே படத்துல வந்துடுது. ஆனா ஒண்ணு வரல. அஞ்சலி கடைசியில இறந்துடறா. அதனால, அந்தப் பசங்க வளர்ந்து வேலைக்குப் போய், "இனிமே தங்கச்சியை யார் பார்த்துக்கறது?"னு உட்கார்ந்து பேசற சீனே அந்தப் படத்துக்குத் தேவைப்படல.

எங்க வீட்டுல இப்ப அந்த சீன்தான் ஓடிட்டு இருக்கு.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட மூணு வயசு பெரியவ. அவளுக்கு செரிப்ரல் பால்சி, தமிழ்ல மூளை முடக்குவாதம்னு சொல்வாங்க. குழந்தை வயித்துல இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச நாள்லயோ மூளைக்கு ஏற்படற பாதிப்பால வர்றது. உடம்பை அசைக்கறதுதான் கஷ்டம். அறிவும் குறைஞ்சே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. அக்கா வீல்சேர்ல இருக்கா. பேச்சு மெதுவா வரும், புதுசா கேக்கறவங்களுக்கு உடனே புரியாது. தொலைதூரக் கல்வியில பி.காம் முடிச்சா. இப்ப விருதுநகர்ல நாலஞ்சு கடைகளுக்கு வீட்டுல இருந்தே டேலியில கணக்கு எழுதறா. ஜிஎஸ்டி தாக்கல் பண்ற தேதி நெருங்கினா அவ பக்கத்துல யாரும் போக முடியாது.

நான் பதினோரு மாசத்துலயே நடந்துட்டேனாம். அப்போ அக்காவுக்குக் கிட்டத்தட்ட நாலு வயசு. சுவரைப் பிடிச்சுக்கூட அவளால நிக்க முடியாது. நான் நடந்த அன்னைக்கு அம்மா சிரிச்சுக்கிட்டே அழுதாங்கன்னு பாட்டி சொல்வாங்க. அதுக்கப்புறம் எனக்கு நடந்த நல்லது எல்லாத்துலயும் அந்த அழுகை கொஞ்சம் கலந்தே இருந்துச்சு. சைக்கிள், ஸ்கூல் டூர், காலேஜ் ஹாஸ்டல், முதல் சம்பளம். ஒவ்வொண்ணுலயும் தம்பி அக்காவை முந்திட்டே போறான்.

நம்ம வேலையில ஒரு பிழை வந்தா லாக் எடுத்துப் பார்ப்போம். எந்த வரியில தப்புன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுடும். இந்தக் குற்ற உணர்ச்சியில அப்படி ஒரு வரியே கிடையாது. அம்மா தப்பு பண்ணல, அக்கா தப்பு பண்ணல, நடந்த குழந்தையும் தப்பு பண்ணல. செஞ்ச குத்தம்னு ஒண்ணு இருந்தா மன்னிப்பு கேட்டு முடிச்சிடலாம். இல்லாத குத்தத்துக்கு யார்கிட்ட போய் மன்னிப்பு கேக்கறது? அதனாலதான் இது வருஷக்கணக்கா கூடவே வருது.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் கிடையாது. அமெரிக்காவுல டான் மேயர்னு ஒருத்தர், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோட கூடப்பிறந்தவங்களுக்காகவே 'சிப்ஷாப்'னு சந்திப்புகளை ஆரம்பிச்சார். விளையாடுவாங்க, சாப்பிடுவாங்க, நடுவுல பேசுவாங்க. தன்னை மாதிரியே இருக்கற இன்னொரு தம்பியையோ தங்கச்சியையோ ஒரு குழந்தை நேர்ல பார்க்கணும், அதுதான் முக்கியமான நோக்கம். எனக்கு அப்படி ஒருத்தர் கிடைச்சது 24 வயசுல. ஆபீஸ் கேன்டீன்ல, என் டீம்லயே இருந்தார். ரெண்டு பேரும் அன்னைக்கு லஞ்ச் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆச்சு.

சரி, பெருமைக்கு வருவோம். கல்யாண வீடுகள்ல நான் அக்காவோட வீல்சேரைத் தள்ளிட்டுப் போவேன். யாராவது நிறுத்தி, "இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்"னு என் தோளைத் தட்டுவாங்க. அதை என்கிட்டதான் சொல்வாங்க. அக்கா அங்கேயே, அவங்க இடுப்பு உயரத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருப்பா. ஒரு தடவை, அவங்க நகர்ந்ததும் அக்கா சொன்னா: "நான் கூடத்தான் உனக்கு பிளஸ் டூவுல அக்கவுண்டன்சி சொல்லிக் கொடுத்தேன். எனக்கு யாராவது தோளைத் தட்டினாங்களாடா?"

இதோட இன்னொரு பக்கமும் இருக்கு. அக்கா சாதாரணமா ஒரு கணக்கு முடிச்சாலும், "இந்த நிலைமையிலயும் எப்படி சாதிக்கறா பாருங்க"ம்பாங்க. ஆஸ்திரேலியாவுல ஸ்டெல்லா யங்னு ஒரு காமெடியன், மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி. மத்தவங்க தங்களைப் பத்தி நல்லா உணர்றதுக்காக மாற்றுத்திறனாளிகளைக் காட்சிப்பொருளா ஆக்காதீங்கன்னு 2014-ல ஒரு டெட்எக்ஸ் பேச்சுல பிட்டுப் பிட்டு வெச்சாங்க. அக்காவுக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். "சரியாத்தான் சொல்றா. ஆனா என் கிளையண்ட்ஸ் இன்ஸ்பயர் ஆனா பரவாயில்ல, பில்லை மட்டும் டைமுக்குக் கட்டட்டும்"னு பதில் வந்துச்சு.

குற்ற உணர்ச்சி எனக்கு மட்டும்தான்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். எனக்கு வரன் பார்க்க ஆரம்பிச்சப்போ ரெண்டு வீட்டுல, "அந்தப் பொண்ணுக்கு இருக்கறது பரம்பரையா வர்றதா?"னு கேட்டாங்க. செரிப்ரல் பால்சி பெரும்பாலும் பரம்பரையா வர்றது இல்ல. அப்பா பொறுமையா விளக்கினார். ஆனாலும் அந்தப் பேச்சு அதோட நின்னு போச்சு. அன்னைக்கு ராத்திரி அக்கா என்கிட்ட, "என்னால உனக்கு எவ்வளவு நஷ்டம்டா"ன்னா. கணக்கு எழுதறவ இல்லையா, அந்த வார்த்தைதான் வந்துச்சு. நான் எந்த உணர்ச்சியைத் தூக்கிட்டு அலைஞ்சேனோ, அதையேதான் அவளும் பக்கத்து ரூம்ல தூக்கிட்டு இருந்திருக்கா.

இப்ப எனக்கு ஜெர்மனியில ரெண்டு வருஷ ஆன்சைட் வந்திருக்கு. விஷயம் தெரிஞ்சதும் மாமா ஒருத்தர் வந்து, "போறதுக்கு முன்னாடி உன் பேர்ல கார்டியன்ஷிப் போட்டுடு, சொத்து, பேங்க் எல்லாம் ஈஸியா இருக்கும்"னார். அக்கா ஹால்லதான் இருந்தா. "என்னைக் கேட்டீங்களா?"ன்னா. மாமாவுக்குப் புரியல. அவ திரும்பச் சொன்னா.

நான் சட்டத்தைப் படிச்சுப் பார்த்தேன். 1999-ல வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருக்கறவங்களுக்கானது. அதன்படி பாதுகாவலரை நியமிக்கறது மாவட்ட ஆட்சியர் இருக்கற உள்ளூர் குழு. ஆனா விண்ணப்பம் கொடுத்தாலே கிடைச்சுடாது. இவங்களுக்குப் பாதுகாவலர் தேவையா, எதுக்காகத் தேவைன்னு அந்தக் குழு பார்க்கணும். 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவா, சட்டத்துக்கு முன்னாடி அவங்களுக்கும் மத்தவங்களுக்கு இருக்கற அதே தகுதி உண்டுன்னு சொல்லுது. சொத்து வெச்சுக்கலாம், பணத்தை நிர்வகிக்கலாம். முடிவெடுக்க உதவி வேணும்னா வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறை இருக்கு. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவங்க விருப்பப்படி ரெண்டு பேரும் சேர்ந்து முடிவெடுக்கறது. சில குடும்பங்களுக்கு முழுப் பாதுகாவலர் உண்மையிலேயே தேவைப்படும். எங்க வீட்டுல அக்காவோட பேங்க் கணக்கை அக்காதான் பார்த்துக்கறா. சொல்லப்போனா அப்பாவோடதையும் அவதான் பார்க்கறா.

அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா ஒரு எக்செல் ஷீட்டோட வந்தா. ஃபிசியோதெரபி, காலையில உதவிக்கு வர்றவங்களோட சம்பளம், மருந்து, வீல்சேர் சர்வீஸ்னு வரிசையா எழுதியிருந்தா. பக்கத்துல 'யார் பொறுப்பு'ன்னு ஒரு காலம். பாதி வரியில அவ பேரையே போட்டிருந்தா. என் பேர் நாலு இடத்துல வந்துச்சு. அதுல ஒண்ணு, "வாரம் ஒரு வீடியோ கால், கணக்கு பத்திப் பேசக் கூடாது." கடைசி வரி, "அம்மாவால என்னைத் தூக்க முடியாம போற நாள்ல இருந்து." அதுக்குப் பக்கத்துல இருந்த கட்டம் காலியா இருந்துச்சு.

அந்தக் கட்டத்தைப் பார்த்து நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் பேசினோம். ஹோம் நர்ஸ், வீட்டுல லிஃப்டர் மாட்டறது, நான் திரும்பி வந்து மதுரையில வேலை பார்க்கறதுன்னு எல்லாமே பேச்சுல வந்துச்சு. அக்கா ஒரு நிபந்தனை மட்டும் போட்டா: "எனக்காகத் திரும்பி வராத. வரணும்னு தோணினா வா." அந்தக் கட்டம் இன்னும் முழுசா நிரம்பல. ஆனா இப்ப அதுல பென்சில்ல எழுதின மாதிரி மூணு யோசனை இருக்கு, ஒண்ணு அவளோடது. அடுத்த மாசம் நான் கிளம்பறேன். குற்ற உணர்ச்சியும் கூடவே ஃப்ளைட் ஏறும், தெரியும். ஏறட்டும்.

உங்க வீட்டுலயும் இப்படி அண்ணனோ அக்காவோ தம்பியோ தங்கச்சியோ இருந்தா, இந்த வாரம் அவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "அம்மா அப்பாவுக்கு அப்புறம் நீ எப்படி இருக்கணும்னு ஆசைப்படற?" வார்த்தையில பதில் வரலன்னா, அவங்க எதை விரும்பறாங்க, யார்கூட நிம்மதியா இருக்காங்கன்னு கவனிச்சு எழுதி வைங்க. நீங்களே அந்த அக்காவா, அந்த அண்ணனா இருந்து இதைக் கேட்டுட்டு இருந்தா, யாரும் கேக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஷீட்டைத் திறந்துடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.