மேசைப் பந்தாட்ட அரசி ஆஞ்சலிகா ரோசியானு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் விளையாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

விளையாட்டுக் குழுவின் சார்பில் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தார்கள். சென்ற ஆண்டின் வெற்றி தோல்விகளை ஆண்டறிக்கை கூறிவிட்டது. ஆகவே நாங்கள் ஒரு பெண்மணியின் வரலாற்றைக் கூற எடுத்துக்கொண்டோம். அவர் தமிழரல்லர், இந்தியரும் அல்லர். எனினும் நம் காலனிக் கூடத்தில் கிடக்கும் பச்சை மேசைக்கும் அவர் வரலாற்றிற்கும் தொடர்பு உண்டு. அதனை முடிவில் கூறுவோம்.

ஐரோப்பாவிலுள்ள ருமேனியாவின் தலைநகராகிய புக்கரெஸ்டு நகரில், 1921ஆம் ஆண்டு, ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஆஞ்சலிகா. சிறுமியாக இருந்தபோது கடுங்காய்ச்சல் கண்டு, வெளியே செல்ல இயலாமல் வீட்டோடு இருக்க நேர்ந்தது. அப்போது அவருடைய அண்ணன் வீட்டில் பிங்-பாங் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். நோய் நீங்கிற்று, ஆட்டத்தில் கொண்ட ஆசை நீங்கவில்லை. 1936ஆம் ஆண்டில், பதினைந்து வயதளவில், அவர் தம் நாட்டின் மகளிர் சாம்பியன் ஆனார். 1938இல் ஹங்கேரியில் நடந்த பன்னாட்டுப் போட்டியிலும் வெற்றி கண்டார்.

இனி ஏறுமுகமே என்றிருந்த வேளையில் இடி விழுந்தது. 1940ஆம் ஆண்டு ருமேனிய அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைப் பிறப்பித்தது. பயிற்சிக் கூடத்தினுள் நுழைவதற்கும் ஆஞ்சலிகாவுக்குத் தடை ஏற்பட்டது. ஆட்டக்காரர் ஒருவருக்குக் கண்ணும் கையும் காலும் ஒருங்கே பணிபுரியும் பருவம் பத்தொன்பது முதல் இருபத்து மூன்று வரையிலான பருவம் அன்றோ? அந்த நான்காண்டுகளும் அவர் மட்டையைத் தொடாமலே கழிந்தன. உலகப் போரின் காரணமாக உலகப் பந்தயங்களும் 1939க்குப் பின் நின்றுபோய், 1947இல்தான் மீண்டும் தொடங்கின.

போர் முடிந்ததும் அவர் மறுபடியும் மேசையருகே வந்து நின்றார். இழந்த காலத்தை எண்ணி ஏங்கி நின்றாரில்லை; இடைவிடாது பயின்றார். 1950ஆம் ஆண்டு ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் உலகப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் அவரை எதிர்த்தவர், அதற்கு முந்திய மூன்றாண்டுகளும் உலகப் பட்டம் வென்றிருந்த ஹங்கேரி வீராங்கனை கிசெல்லா பர்க்காஸ். பர்க்காஸ் அவர்களின் சொந்த மண்ணிலேயே அவரை வென்று, இருபத்தெட்டாம் வயதில் ஆஞ்சலிகா ரோசியானு உலகப் பட்டத்தைப் பெற்றார்.

அது முதல் 1955 வரை ஆறாண்டுகள் தொடர்ச்சியாக ஒற்றையர் பட்டம் அவர் கையைவிட்டு அகலவில்லை. அவற்றுள் ஒன்றை அவர் நம் நாட்டில் வைத்தே வென்றார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆசியக் கண்டத்தில் முதன்முதலாக நடந்த உலகப் போட்டி, அன்று பம்பாய் என வழங்கிய மும்பை நகரில் 1952ஆம் ஆண்டு நடைபெற்றதுதான். ஜப்பானியர் அப்போட்டிக்குப் புதியவர்களாக வந்தனர். ஹிரோஜி சாட்டோ என்னும் இளைஞர் ஓசையின்றிப் பந்தடிக்கும் பஞ்சு மட்டையால் எல்லோரையும் திகைக்கவைத்தார். மொத்தம் இருந்த ஏழு பட்டங்களுள் நான்கை ஜப்பானியரே எடுத்துச் சென்றனர். அவர்கள் கைக்கு எட்டாதவற்றுள் இரண்டு, மகளிர் ஒற்றையரும் கலப்பு இரட்டையரும் ஆகும். இரண்டிலும் வென்றவர் ரோசியானு அம்மையாரே.

மறு ஆண்டு, 1953இல், போட்டி புக்கரெஸ்டிலேயே நடந்தது. தமக்குப் பயிற்சிக் கூடத்தின் கதவை அடைத்த அதே நகரத்தில் ஒற்றையர், மகளிர் இரட்டையர், கலப்பு இரட்டையர், மகளிர் அணிக் கோப்பை என ஒரு பெண் பெறக்கூடிய நான்கு பட்டங்களையும் அவர் வென்றார். அந்நகரத்து மக்கள் அன்று கைதட்டியபோது அவர் உள்ளத்தில் என்னென்ன எண்ணங்கள் எழுந்திருக்கும் என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

1956 வரை அவர் வென்ற உலகப் பட்டங்கள் மொத்தம் 17. 1960இல் இஸ்ரேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்தார். 2006ஆம் ஆண்டு அங்குள்ள ஹைபா நகரில் மறைந்தார். 1955இல் அவர் பெற்ற வெற்றிக்குப் பின், மகளிர் ஒற்றையர் உலகப் பட்டத்தை ஆசியர் அல்லாத எவரும் இன்றுவரை வென்றதில்லை.

பெரியோர்களே! இனி நம் கூடத்திற்கு வருவோம். அங்கே இருப்பது ஒரே மேசை. சிறுவரும் சிறுமியரும் சேர்ந்தே ஆடுகின்றனர். பெண் குழந்தை எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் மெல்ல வராமல் நின்றுவிடுகிறாள். அவளை யாரும் அடித்து விரட்டவில்லை, சட்டமும் போடவில்லை. "கூடத்தில் வாலிபர்கள் நிற்கிறார்களே" என்று தாய் தயங்குகிறார். "பரீட்சை வருகிறதே" என்கிறார் தந்தை. வெறுப்பினால் அடைத்த கதவும் அச்சத்தினால் சாத்திய கதவும் ஒன்றல்ல என்பதை நாங்கள் அறிவோம். எனினும் வெளியே நிற்கும் பெண்ணுக்கு இரண்டும் கதவுகளே.

இதில் முதற் குற்றவாளிகள் நாங்களே. சென்ற ஆண்டு பயிற்சி நேரப் பட்டியல் தயாரித்தபோது பெண்களுக்கென ஒரு மணி நேரத்தையும் நாங்கள் ஒதுக்கவில்லை. பையன்கள் அனைவரையும் வென்றுகொண்டிருந்த சிறுமி ஒருத்தி வருவதை நிறுத்திக்கொண்டபோது, "ஏனம்மா வரவில்லை?" என்று கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. இச்சபையில் அதற்காக வருந்துகிறோம்.

ஆகவே வரும் திங்கட்கிழமை முதல் நாள்தோறும் மாலை ஐந்து மணி முதல் ஆறரை மணி வரை கூடமும் மேசையும் பெண்களுக்கே உரியவை. அவ்வேளையில் தாய்மார்கள் இருவர் முறைவைத்து உடனிருக்க முன்வரவேண்டும். தாங்களும் மட்டை பிடித்தால் இன்னும் நன்று. தந்தையர்க்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: ஒன்றரை மணி நேரம் உங்கள் பெண்களை அனுப்பிவையுங்கள்.

அவர்களுள் ஒருத்தி உலகப் பட்டம் பெறுவாள் என்று நாங்கள் உறுதி கூற வரவில்லை. நன்றாக ஆடத் தெரிந்த பெண் நம் காலனியில் வெளியே நிற்கமாட்டாள் என்ற உறுதியை மட்டும் தருகிறோம். அடுத்த ஆண்டறிக்கையில் பெண்கள் பெயரும் இடம்பெறும் என்ற நம்பிக்கையுடன் விடைபெறுகிறோம்.