பார்ட்ஸ் எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்க



காருக்கு பிரேக் பேடு வேணும்னா, முன்னாடி நம்ம மேட்டூர்க் கடைக்கோ சேலத்துக்கோ போவோம். பழசைக் காட்டி, ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவோம். இப்போ செல்போன்லயே ஆர்டர் போடுறோம். விலை குறைவா கிடைக்கலாம். ஆனா அளவு சேருமா, அசல்தானான்னு பெட்டியைப் பிரிச்சாதான் தெரியும். அதனால பார்ட் நம்பரைச் சரிபார்த்த பிறகே மெக்கானிக்கை மாட்டச் சொல்லுங்க.

எங்கே வாங்கினாலும் பில் அவசியம். ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரணும். இது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. தீரலைன்னா 1915-க்குப் போன் பண்ணுங்க.

விற்றவர் டெல்லியில இருந்தாலும், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே நீங்க வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைன்னா கட்டணமே இல்லை. கையில பில் இருக்கட்டும்.